வாசகர் கேள்விகள்: மங்கிய வானமும் ஆண்டுக்கணக்கான அளவீடும்

சென்ற இதழில், தை மாசி மாதங்களில் நம் பக்கத்து வானம் ஏன் வெளிறித் தெரிகிறது என்பது குறித்து அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். காற்றில் மிதக்கும் நுண்துகள்களாகிய ஏரோசால்களே அதற்கு முதற்காரணம் என்றும், அவற்றைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள் என்றும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் இம்முறை கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். வேறு பொருள் குறித்து எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டு முகப்பில் காலையில் துடைத்த ஆத்தங்குடிக் கல், மாலைக்குள் செம்மண் பூசிக்கொள்கிறது. ஊருக்கு வெளியே கரிமூட்டம் போடுகிறார்கள். அந்தப் புகையும் வருகிறது. பருவநிலையை மாற்றுவதாகச் சொல்லப்படும் ஏரோசால் இந்தத் தூசுதானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கானாடுகாத்தான்

இரண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம், அம்மா. காற்றில் மிதப்பது திண்மத் துகளாயினும் நீர்மத் துளியாயினும் அது ஏரோசால்தான். செம்மண் தூசு, அலை உடையும்போது கிளம்பும் கடலுப்பு, விறகுப் புகை, டீசல் வண்டியின் புகைக்கரி, அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே மாறி உருவாகும் சல்பேட் துளிகள் ஆகிய யாவும் அதில் அடங்கும். ஆனால் பருவநிலைக் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. துகளின் பருமன்தான் அதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

நீங்கள் துடைத்தெடுக்கும் மண்ணில் பெரும்பகுதி பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களால் ஆனது. லாரி போன பிறகு எழும்பி, சிறிது நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. கரிமூட்டப் புகையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இவை மழை கழுவி இறக்கும் வரையில் சில நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை மிதந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்ச் சேரும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. ஏறத்தாழ அதே பருமனுள்ள துகள்தான் வெயிலைச் சிதறடிப்பதில் மிகவும் வல்லது. அதனால், எடை போட்டால் உங்கள் முகப்பு மண்ணுக்கு ஈடாகாத புகை, வெயிலை மறைப்பதில் அதைப் பலமடங்கு விஞ்சிவிடுகிறது.

மூட்டத்துக்குள் சீமைக்கருவேல விறகு போதிய காற்றில்லாமல் வேகுவதால்தான் கரி கிடைக்கிறது. அதே காரணத்தால்தான் முழுதும் எரியாத தார்த் துளிகளும் புகையோடு வெளியேறுகின்றன. மூட்டத்தின் அருகில் நின்று வேலை செய்பவருடைய நெஞ்சுக்கு அது செய்யும் கேட்டைத் தடுக்க எந்தப் பருவநிலை ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடை ஹவாய்த் தீவில் ஒரு மலையின் மேல் அளந்து உலகத்துக்கே ஓர் எண் சொல்கிறார்கள். ஏரோசாலுக்கு மட்டும் ஏன் இத்தனை நிலையங்கள், இத்தனை ஆண்டுகள்? நல்ல கருவி ஒன்றை ஒரு வருடம் வைத்து அளந்தால் போதாதா?
— இயற்பியல் முதுகலை மாணவர், காரைக்குடி

போதாது, தம்பி. கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிட்டால் அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கி, உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிவிடுகிறது. ஆகவே தூய காற்று வீசும் ஒரு மலையுச்சி உலகத்துக்காகப் பேச முடியும். ஏரோசாலுக்கு ஆயுள் ஒரு வாரம்தான். கான்பூரில் இன்று இருப்பது காரைக்குடியில் இருக்காது. காரைக்குடியிலேயே நேற்று மாலை மழைக்கு முன் இருந்தது இன்று காலை இருக்காது. ஒரு வாரத்துக்குள் காணும் ஏற்ற இறக்கம், பத்தாண்டில் சராசரியில் நிகழும் மாற்றத்தைப் பலமுறை மிஞ்சிவிடும். அந்த ஆட்டத்துக்கு அடியில் மெல்ல நகரும் சராசரியைப் பிடிக்க வேண்டுமானால், அதே இடத்தில், அதே முறையில், நீண்ட காலம் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அளக்கும் முறை கேட்பதற்கு எளியது. சூரிய ஒளிமானி என்னும் கருவி சூரியனை நேராகப் பார்த்து, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பதிகிறது. காற்று மூலக்கூறுகளும் ஓசோன் முதலிய வாயுக்களும் தடுத்த பங்கைக் கழித்துவிட்டால், மீதிக் குறைவு ஏரோசாலின் கணக்கு. அதனை ஒளியியல் ஆழம் என்ற எண்ணாகச் சொல்கிறார்கள். அந்த எண் 0.1 என்றால், சூரியன் உச்சியில் நிற்கும்போது நேரடி வெயிலில் ஏறத்தாழ 90 விழுக்காடு துகள்களைக் கடந்து வருகிறது; 0.5 என்றால் 61 விழுக்காடு. 1 என்றால் 37 விழுக்காடுதான். மறைந்த ஒளி முழுவதும் இழப்பாகிவிடுவதில்லை, அதில் ஒரு பகுதி சிதறிய ஒளியாகத் தரைக்கு வரத்தான் செய்கிறது; வானம் நீலம் இழந்து வெளிறுவது அதனால்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், காற்றே இல்லாவிட்டால் கருவி என்ன எண்ணைக் காட்டும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். விண்வெளிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க இயலாது. ஆகவே, மிகத் தூய்மையான, நிலையான காற்றுள்ள உயரமான இடத்தில், சூரியன் ஏற ஏற ஒளி கடக்கும் காற்றின் தடிமன் குறைந்து வருவதைத் தொடர்ந்து அளந்து, அந்தக் கோட்டைத் தடிமன் சுழியாகும் இடம் வரை நீட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் சொன்ன ஹவாய் மலையாகிய மௌனா லோவா என்னும் எரிமலையில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள ஆய்வகம் இதற்குப் பெயர் பெற்ற இடம். நாசா 1990-களில் தொடங்கிய ஏரோநெட் என்னும் உலகளாவிய நிலைய வலையில், களத்தில் உள்ள கருவிகள் அவ்வப்போது திரும்ப வரவழைக்கப்பட்டு, மௌனா லோவாவில் திருத்தம் பெற்ற மூலக் கருவிகளோடு ஒப்பிடப்படுகின்றன. வெயிலில் நிற்கும் வடிகட்டிக் கண்ணாடி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், கண்ணாடியின் மூப்பு காற்றின் மாசாகக் கணக்கில் ஏறிவிடும். அந்த வலையின் களக் கருவிகளில் பிழை 0.01 முதல் 0.02 வரை இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். பத்தாண்டில் காணும் மாற்றமே சில இடங்களில் 0.05 அளவில்தான் இருக்கும் என்னும்போது, இந்தக் கண்டிப்பு எதற்கு என்று உங்களுக்கே விளங்கும்.

நெடுங்காலப் பதிவின் பயனைக் காட்ட மௌனா லோவாவின் மற்றொரு பதிவேடே போதும். வெயில் எந்த அளவுக்குக் காற்றைக் கடந்து வருகிறது என்பதை அங்கே 1958 முதல் பதிந்து வருகிறார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் மட்டமாக ஓடுகிறது. 1963-இல் இந்தோனேசியாவின் ஆகுங், 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன், 1991-இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ ஆகிய எரிமலைகள் வெடித்த பிறகு மட்டும் சட்டென்று சரிந்து, சில ஆண்டுகளில் மெல்ல ஏறி வருகிறது. வெடித்த பிறகு ஓடிப்போய்க் கருவி வைத்திருந்தால் சரிவின் ஆழமே தெரிந்திராது, ஏனெனில் அதற்கு முந்தைய மட்டம் யாரிடமும் இருந்திராது. 2022 நவம்பரில் மௌனா லோவாவே வெடித்து, அதன் குழம்பு ஆய்வகத்துக்குச் செல்லும் சாலையையும் மின்கம்பியையும் அறுத்தது. எரிமலைகளின் கணக்கை எழுதிய இடத்துக்கே அந்தக் கதி.

நம் நாட்டுக் கதையும் குறைந்ததன்று. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார், 1980-களில் பத்து அலைநீளங்களில் சூரிய ஒளியை அளக்கும் கருவியை வடிவமைத்து நிறுவினார்கள். பிறகு இஸ்ரோவின் திட்டத்தில் நாடெங்கும் நிலையங்கள் பெருகின. அந்தப் பதிவுகளை ஒன்றுசேர்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் மேல் ஏரோசால் ஒளியியல் ஆழம் 1985-இல் இருந்த மதிப்பைக் கொண்டு பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2.3 விழுக்காடு கூடி வந்திருக்கிறது என்றும், கடைசிப் பத்தாண்டில் அந்த வேகம் சுமார் 4 விழுக்காட்டை எட்டியது என்றும் கண்டார்கள். முதல் ஐந்து ஆண்டுகளின் பதிவை மட்டும் பார்த்தவர் எவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஏரோநெட் கருவி 2001 முதல் இருக்கிறது. நமக்கு அருகில் கொடைக்கானலில், இந்திய வானிலைத் துறை உலக வானிலை அமைப்பின் வலையோடு இணைந்த நிலையம் ஒன்றை நடத்துகிறது.

செயற்கைக்கோள் வந்த பிறகு தரைக் கருவி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1999 இறுதியில் ஏவப்பட்ட டெர்ரா கோள் உலகம் முழுவதையும் பார்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டு ஊகிக்கிறது. அடியில் இருப்பது இருண்ட கடற்பரப்பா, செம்மண் பொட்டலா என்பதைப் பொறுத்து அதன் பிழை மாறும். தரை நிலையங்களின் எண்ணோடு ஒத்துப் பார்த்தே அதை நம்புகிறார்கள். அதன் எரிபொருள் தீர்ந்து, ஓரிடத்தைக் கடக்கும் நேரமும் முன்னே நகர்ந்து வருகிறது. ஒரு கோள் ஓய்வதற்குள் அடுத்தது மேலே போய், இரண்டும் சில காலம் சேர்ந்து அளக்காவிட்டால் பதிவேடு அறுந்துவிடும்.

இரு வகைக் கருவிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: மேகம் மூடினால் இரண்டும் குருடு. நம் ஐப்பசி கார்த்திகைப் பதிவுகளில் ஓட்டை விழுவது அதனால்தான். ஆண்டுச் சராசரி என்று எவராவது ஓர் எண்ணை நீட்டினால், எந்த மாதங்களில் எத்தனை நாள் சூரியன் தெரிந்தது என்று முதலில் கேளுங்கள்.

புதிய கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. பழைய கருவியின் கண்ணாடியை இருபதாம் ஆண்டிலும் துடைப்பவருக்குச் சம்பளம் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. இந்தத் துறையின் உண்மையான நோய் அதுவே என்பது என் எண்ணம்.

புகை பூமியைக் குளிர்விக்கிறது என்று படித்தேன். அப்படியானால் புகையைக் குறைக்கச் சொல்வது ஏன்? எங்கள் அப்பத்தா காலத்து விறகடுப்பு நல்லதுதான் செய்ததா?
— இல்லத்தரசி, தேவகோட்டை

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. நம் வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து பூசி இழைத்த சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும், புகை படிந்த அடுப்படிச் சுவரோ அதை விழுங்கிச் சூடேறும். சல்பேட் முதலிய வெளிர் துகள்கள் முதல் வகை. புகைக்கரி இரண்டாம் வகை. உலகக் கணக்கில் முதல் வகையின் கை ஓங்கியிருப்பதால், எல்லாத் துகள்களையும் கூட்டிப் பார்க்கும்போது விளைவு குளிர்ச்சிப் பக்கமே சாய்கிறது.

இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. பினாட்டுபோ எரிமலை 1991 ஜூன் 15 அன்று பெருமளவில் வெடித்து, ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை அடுக்கு மண்டலத்துக்கு ஏற்றியது. அந்த உயரத்தில் மழை கிடையாது. ஆகவே அதிலிருந்து உண்டான சல்பேட் துளிகள் ஒரு வாரத்துக்குப் பதிலாக ஓரிரு ஆண்டுகள் தங்கின. ஜேம்ஸ் ஹான்சன் தலைமையிலான நாசா குழுவினர், உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கும் என்று 1992 தொடக்கத்திலேயே கணித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ அப்படியே நடந்தது. பிறகு வெப்பநிலை பழைய பாதைக்குத் திரும்பியது. முன்கூட்டியே சொல்லி, பின்னர் அளந்து சரிபார்க்கப்பட்ட முடிவு என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

துகள்கள் மேகத்தின் வழியாகவும் வேலை செய்கின்றன. துகள் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் மேகத் துளி உருவாகிறது. அதே அளவு நீராவிக்குத் துகள்கள் அதிகமிருந்தால், துளிகள் எண்ணிக்கையில் கூடி, பருமனில் சிறுத்து, மேகம் மேலும் வெண்மையாகும். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஷான் டூமி 1970-களில் இதை விளக்கினார். பசிபிக் கடலின் தாழ்ந்த மேகப் பரப்பில் கப்பல் போன தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும் செயற்கைக்கோள் படங்கள் இதற்குக் கண்கண்ட சான்று.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு தன் ஆறாம் அறிக்கையில் தந்துள்ள கணக்கைப் பாருங்கள். 1750 முதல் 2019 வரையில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் பூமியின் ஆற்றல் வரவில் சதுர மீட்டருக்கு 2.16 வாட் கூட்டியிருக்கிறது, ஏரோசால்கள் 1.1 வாட் குறைத்திருக்கின்றன. ஆனால் அந்த 1.1 என்பது 0.4 முதல் 1.7 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. முழுப் பட்டியலிலும் இவ்வளவு அகலமான இடைவெளி வேறெதற்கும் இல்லை. அதன் பெரும்பங்கு மேகத்தின் வழியாக வருவது. குறைப்பு 0.4 தான் என்றால், வாயுக்களின் வெப்பத்தில் பெரும்பகுதியை நாம் ஏற்கெனவே உணர்ந்துவிட்டோம் என்று பொருள். 1.7 என்றால், அந்த வெப்பக் கடனில் கணிசமான பங்கு புகையால் மறைந்து, இன்னும் வசூலுக்கு வரவில்லை. எது சரி என்பதைச் சுருக்கித் தரக்கூடியது, மேலே காரைக்குடித் தம்பிக்குச் சொன்ன அந்த நெடுங்கால அளவீடுதான்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. புகையை இப்படியே விட்டுவைக்கலாமா என்றால், கூடாது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும், சல்பேட் ஒரு வாரம் தங்கும் என்பதை இணைத்துப் பாருங்கள்: ஏறிக்கொண்டே போகும் ஒன்றை மறைக்க, ஆண்டுதோறும் மேலும் மேலும் புகையை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்திய சில வாரங்களில் மறைப்பு கலைந்து, அடியில் சேர்ந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுவிடும். இது இப்போது நடந்தும் வருகிறது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; அதன் பிறகு மேகங்களில் கப்பல் தடங்கள் வெகுவாகக் குறைந்தன. சீனா 2007-க்குப் பின் பத்தாண்டில் தன் கந்தக டை ஆக்சைடில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குறைத்தது. அதே காலத்தில் இந்தியாவின் அளவு சுமார் பாதி கூடியது என்று செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்ட ஆய்வு 2017-இல் காட்டியது. நம் அனல்மின் நிலையங்கள் கந்தகத்தை வடிகட்ட வேண்டும் என்ற விதி 2015-இல் வந்தது. தவணை பலமுறை தள்ளிப்போய், 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். வடிகட்டினால் வெப்பம் கூடும் என்று அதற்குச் சாக்குச் சொல்பவர்களும் உண்டு. நெஞ்சுநோயைக் கொடுத்து நிழல் வாங்கும் அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் அப்பத்தாவின் அடுப்பிலிருந்து புகைக்கரியும் வந்தது, வெளிர் துகளும் வந்தது. பருவநிலைக் கணக்கில் ஒன்று கூட்டலும் மற்றொன்று கழித்தலுமாக நிற்க, அதன் முழு விலையையும் கொடுத்தது அடுப்படியில் நின்றவரின் கண்ணும் நுரையீரலும்தான்.

ஆவணி புரட்டாசியில் மாலை இடியோடு பெய்யும் மழை முன்போல் இல்லை. எங்கள் கண்மாய் நிரம்பிப் பல வருடமாகிறது. இதற்கும் இந்தப் புகைதான் காரணமா?
— விவசாயி, சாக்கோட்டை

ஐயா, ஒரு கண்மாய் நிரம்பாததற்கு உலகப் புகையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. நாடு முழுவதற்கும் பல பத்தாண்டுகளுக்கும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் கை தெரிகிறது.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை, இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் என்ற பெயரில் கப்பல்களும் வானூர்திகளும் மாலத்தீவின் காஷிதூவில் அமைந்த நிலையமும் சேர்ந்து வட இந்தியப் பெருங்கடலின் மேல் காற்றை அளந்தன. தெற்காசியாவிலிருந்து வடகிழக்குக் காற்றோடு இறங்கிய பழுப்புப் புகைப்படலம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் வரை நிறைந்து கிடந்ததையும், கடற்பரப்பை அடையும் வெயிலில் பத்திலொரு பங்கு வரை அது குறைத்ததையும் கண்டார்கள். நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனோடு சேர்ந்து அதற்குத் தலைமை தாங்கிய வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அதே பல்கலைக்கழகம்தான். நம்மவர் பெருமை பேச இந்தப் பகுதியில் கிடைத்த ஒரே இடம் இது என்பதால் விடாமல் சொல்லிவிட்டேன்.

வெயில் குறைந்தால் கடலிலிருந்து நீராவி எழுவதும் குறையும். நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதால் உண்டாகும் இழுப்பும் தளரும். தென்மேற்குப் பருவமழை அந்த இழுப்பால் ஓடுவது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது தளர்ந்ததற்கு மனிதர் உண்டாக்கிய ஏரோசால்களே முதன்மைக் காரணம் என்பது மேலே சொன்ன ஆறாம் அறிக்கையின் தீர்ப்பு. இன்னொன்றும் உண்டு: புகைக்கரி தான் மிதக்கும் அடுக்கைச் சூடாக்கி, அதற்கு அடியிலுள்ள தரையை நிழலில் வைக்கிறது. மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றானால் காற்று கிளம்பி எழுவது கடினமாகும். நீங்கள் சொல்லும் மாலை இடிமழை அவ்வாறு காற்று எழும்பினால்தான் பிறக்கும்.

ஆனால் நம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழை. அது வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வுகளையும் கீழைக்காற்றின் அலைகளையும் நம்பியது. தென்மேற்குப் பருவத்தின் தீர்ப்பை அதன்மேல் அப்படியே ஏற்ற முடியாது. அதோடு, உங்கள் கண்மாயின் வரத்துக்கால் எங்கெல்லாம் அடைபட்டிருக்கிறது, உள்வாயில் எவ்வளவு மண் மேடிட்டிருக்கிறது என்பதை ஊரார் ஒருமுறை நடந்து பார்ப்பது, என்னைக் கேட்பதைவிட விரைவில் விடை தரும்.

பினாங்கில் இருக்கும் என் மகன், சில ஆண்டுகளில் அங்கே புகைமூட்டத்தால் பள்ளிக்கூடங்களையே மூடிவிடுகிறார்கள் என்கிறான். அந்தப் புகை கடல் தாண்டி இங்கும் வருமா?
— வாசகர், பள்ளத்தூர்

இந்தோனேசியாவைச் சேர்ந்த சுமத்திராவிலும் கலிமந்தானிலும் சதுப்பு நிலக் காடுகளை வெட்டி, நீரை வடித்து, நெருப்பு வைப்பதால் வரும் புகை அது. எல் நினோ வந்து மழை பொய்த்த 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது. நிலக்கரியாகும் முன் நிலையில் உள்ள தாவர மக்கு தரைக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருப்பதால், மழை வரும் வரை அணைப்பது அரிது. 1997-இல் அந்தப் புகை நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் மேல் மேற்கே வெகுதொலைவு பரவியதைச் செயற்கைக்கோள்கள் பதிந்தன. ஆயினும் அங்கே நெருப்பு மூளும் ஆவணி புரட்டாசியில் நமக்கு மேற்கிலிருந்து காற்று வீசுவதால், பள்ளத்தூருக்கு அது வந்து சேரும் வாய்ப்பு குறைவு. மார்கழி முதல் மாசி வரை நம் வானத்தில் காண்பது, வடக்கிலிருந்து வங்கக் கடல் வழியாக இறங்குவதும் நாமே எரிப்பதும் கலந்த சொந்தச் சரக்கு.

கையடக்கமான காற்றுமாசுக் கருவி இணையத்தில் விற்கிறார்களே, அதை வாங்கி மொட்டைமாடியில் வைத்தால் நானும் இந்த நெடுங்கால அளவீட்டில் பங்கு பெறலாமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. என்ன அளக்கிறாய் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும். சூரிய ஒளிமானி தரையிலிருந்து வானம் வரையுள்ள துகள்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. உன் கருவி மூக்குக்கு எட்டும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கொண்டு துகள்களின் எடையை ஊகிக்கிறது. மேலே புகைப்படலம் மிதக்கும் நாளிலும் கீழே காற்று தூய்மையாக இருக்கலாம். ஈரப்பதம் மிகுந்த விடியற்காலையில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அப்போது கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே தனித்த ஓர் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

அடுப்படிப் புகைபோக்கிக்கும் குப்பை எரிக்கும் மூலைக்கும் எட்டத்தில், மழை படாமல், காற்று வரும்படி ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதன் பிறகு மாற்றாதே. நாளும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்து, பக்கத்திலேயே காற்றின் திசை, முந்தின நாள் மழை, அருகில் செங்கல் சூளையோ மூட்டமோ எரிந்ததா என்பவற்றையும் எழுது. போகிப் பண்டிகை காலையின் எண் அதற்கு முந்தைய வாரத்தின் எண்களோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே பேசும். கருவியை மாற்ற நேர்ந்தால், பழையதும் புதியதும் ஒரு மாதமாவது அருகருகே ஓடட்டும்.

செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. வானூர்தி நிலையங்களில் எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது என்று ஓடுபாதைக்காக எழுதி வைத்த பழைய குறிப்புகளிலிருந்தே, ஒளிமானி வருவதற்கு முந்தைய காலத்துக் காற்றை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். உன் மாடியிலிருந்து தெளிந்த நாளில் தெரியும் தொலைதூரப் பொருள் ஒன்றை, குன்றக்குடி மலையானாலும் ஒரு கோபுரமானாலும் சரி, குறித்துக்கொண்டு, தினமும் காலை ஒன்பது மணிக்கு அது தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா, தெரியவில்லையா என்று நோட்டில் ஒரு குறி போடு. பனிமூட்டம் இருந்த நாளைத் தனியாக அடையாளமிடு. இல்லாவிட்டால் பின்னால் பார்ப்பவர் அதையும் புகைக் கணக்கில் சேர்த்துவிடுவார்.